மேற்கோள் எண்ணிக்கையும் மிலானின் 386 பெண்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவக் கல்லூரி நூலகம் ஒன்றில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். தீசிஸ் எழுத வரும் பி.ஜி. மாணவர்கள், நர்சிங் மாணவிகள், சில சமயம் நோயாளியின் வீட்டார் என்று பலரும் என் மேசைக்கு வந்து ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். பதில் சொல்ல நான் எப்போதும் ஒரே உதாரணத்தைத்தான் எடுப்பேன். இத்தாலியைச் சேர்ந்த ஜான்னி போனடோன்னா மார்பகப் புற்றுநோய்க்கான கீமோதெரபி பற்றி 1976-இல் வெளியிட்ட கட்டுரை அது. ஒரு கட்டுரை எப்படிப் புகழ் பெறுகிறது, அந்தப் புகழை எதற்கு நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பதெல்லாம் அந்த ஒரு கட்டுரையின் வரலாற்றிலேயே இருக்கிறது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன்.

1. சைட்டேஷன் சைட்டேஷன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன?

ஆய்வுக்கட்டுரை எழுதுகிறவர், தனக்கு முன்னால் அதே விஷயத்தில் வேலை செய்தவர்களின் கட்டுரைகளைக் கடைசியில் பட்டியல் போடுவார். அந்தப் பட்டியலில் ஒரு பழைய கட்டுரை இடம்பெற்றால் அதற்கு ஒரு மேற்கோள், அதாவது ஒரு சைட்டேஷன். ஆயிரம் பேர் பட்டியலில் சேர்த்தால் ஆயிரம் மேற்கோள். கணக்கு அவ்வளவுதான்.

இதை முறையாக எண்ணத் தொடங்கியவர் அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்டு. 1955-இல் சயன்ஸ் இதழில் இந்த யோசனையை எழுதினார். 1964-இல் அவருடைய நிறுவனம் சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸை வெளியிட்டது. அவருக்கு முன்மாதிரி வக்கீல்கள் பயன்படுத்திய அட்டவணை. ஒரு பழைய தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் ஏற்றன, எவை தள்ளின என்று அந்த அட்டவணை காட்டும். ஆய்வாளர்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று அவர் நினைத்தார். ஒரு கருத்தின் தடத்தைப் பின்தொடரத்தான் இது வந்தது. ஆட்களுக்கு மதிப்பெண் போடும் பழக்கம் பின்னால் சேர்ந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், 10-ஆம் கேள்வியில் தேவைப்படும்.

2. போனடோன்னா யாரு? ஆங்காலஜி புக்ல பேர் மட்டும் வருது.

1934-இல் மிலானில் பிறந்தவர். மருத்துவம் படித்த பிறகு 1960-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனைக்குப் போய், டேவிட் கார்னாஃப்ஸ்கியிடம் கீமோதெரபி கற்றார். நோயாளி எவ்வளவு நடமாட்டத்தோடு இருக்கிறார் என்பதை 100-க்கு இத்தனை என்று மதிப்பிடும் கார்னாஃப்ஸ்கி ஸ்கோர், வார்டில் தினமும் எழுதுகிறீர்களே, அவருடையதுதான். பிறகு மிலானின் தேசியப் புற்றுநோய் நிலையத்துக்குத் திரும்பிய போனடோன்னா, கடைசிவரை அங்கேயே வேலை செய்தார்.

அவர் பெயர் மூன்று இடங்களில் வரும். அட்ரியாமைசின் என்ற டாக்சோரூபிசினை, நீங்கள் வார்டில் பார்க்கும் அந்தச் சிவப்பு மருந்தை, முதன்முதலாக நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த குழு அவருடையது. 1969-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அந்த அனுபவத்தை எழுதினார்கள். அந்த மருந்தே மிலானின் ஃபார்மிதாலியா கம்பெனியில் உருவானதுதான். அட்ரியாட்டிக் கடலின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அடுத்தது ஹாட்ஜ்கின் நோய் என்ற நிணநீர்ப் புற்றுக்கான ஏ.பி.வி.டி. கூட்டு மருந்து. மூன்றாவது, இந்தப் பக்கத்தின் மையமான சி.எம்.எஃப். என்ற மார்பகப் புற்றுக்கான கூட்டு மருந்து. 1995-இல் பக்கவாதம் வந்து உடல் பாதிக்கப்பட்ட பிறகும் ஆய்வையும் எழுத்தையும் அவர் விடவில்லை. 2015-இல் காலமானார்.

3. 1976 கட்டுரையில அப்படி என்னதான் இருந்தது?

எங்கள் நூலகத்தில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினின் 294-ஆம் தொகுதி பைண்டு செய்து இருக்கிறது. அதைக் கையில் எடுத்து மேசையில் வைத்தால் தானாகவே 405-ஆம் பக்கத்தில் விரியும். ஜெராக்ஸ் எடுப்பதற்காக எத்தனையோ பேர் அந்த இடத்தில் அழுத்திப் பிடித்ததில் பைண்டிங்கே அங்கே தளர்ந்துபோயிருக்கிறது. 405 முதல் 410 வரை, கட்டுரை ஆறே பக்கம்தான்.

மார்பகத்தை அகற்றும் அறுவை முடிந்து, அக்குளின் நிணநீர் முடிச்சுகளில் புற்று பரவியிருந்த 386 பெண்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். யார் எந்தப் பிரிவு என்பதை டாக்டர் முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்குவது போல ரேண்டமாகத் தீர்மானித்தார்கள். 179 பேருக்கு அறுவைக்கு மேல் மருந்து கிடையாது. 207 பேருக்கு சைக்ளோஃபாஸ்ஃபமைடு, மெத்தோட்ரெக்சேட், ஃபுளோரோயுராசில் மூன்றும் சேர்ந்த சி.எம்.எஃப். கீமோ. முதல் மருந்து மாத்திரை, 14 நாள் வீட்டிலேயே சாப்பிடலாம். மற்ற இரண்டும் 1-ஆம் நாளும் 8-ஆம் நாளும் நரம்பில் ஊசி. பிறகு ஓய்வு. 28 நாளுக்கு ஒரு சுற்று, மொத்தம் 12 சுற்று, ஏறக்குறைய ஒரு வருடம்.

1973 ஜூனில் தொடங்கிய ஆய்வு. 27 மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, மருந்து இல்லாத பிரிவில் 24 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியிருந்தது. மருந்து எடுத்தவர்களில் 5.3 சதவீதம். ஆள் கணக்கில் சொன்னால் 179-இல் 43 பேர், 207-இல் 11 பேர். இவ்வளவு பெரிய இடைவெளியை மார்பகப் புற்றுநோயில் அதுவரை யாரும் காட்டியதில்லை.

4. எங்க அம்மாவுக்கு கட்டியை முழுசா எடுத்தாச்சுன்னுதானே சொன்னாங்க. அப்புறம் எதுக்கு கீமோ?

நூலகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கேட்டது இது. பி.ஜி. மாணவர்களும் வேறு வார்த்தையில் இதையேதான் கேட்கிறார்கள். வயலில் கோரையைப் பார்த்திருப்பீர்கள். மேலே தெரியும் புல்லை எவ்வளவு சுத்தமாகப் பிடுங்கினாலும் மண்ணுக்குள் கிழங்கு கிடந்தால் அடுத்த மழைக்கு முளைத்துவிடும். அறுவை செய்த டாக்டர் கண்ணுக்குத் தெரிந்ததை முழுவதும் எடுத்துவிட்டார் என்பது உண்மை. ஆனால் எந்த ஸ்கேனிலும் தெரியாத அளவில் சில செல்கள் ஏற்கெனவே எலும்பிலோ நுரையீரலிலோ போய் உட்கார்ந்திருக்கலாம். அவை சிறியதாக இருக்கும்போதே மருந்தால் அழிக்கப் பார்ப்பதுதான் அறுவைக்குப் பிந்தைய கீமோ.

இது 1970-களின் தொடக்கத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம் இல்லை. மார்பகப் புற்று ஓரிடத்திலிருந்து படிப்படியாக வெளியே பரவுகிறது, எனவே அகலமாக வெட்டினால் போதும் என்ற எண்ணம் பல பத்தாண்டுகளாக வேரோடியிருந்தது. ஆரம்பத்திலேயே ரத்தத்தின் வழியே உடல் முழுக்கப் போகக்கூடிய நோய் இது என்று அமெரிக்காவின் பெர்னார்டு ஃபிஷர் வாதாடிக்கொண்டிருந்தார். 1975-இல், எல்-பாம் என்ற ஒரே ஒரு மாத்திரையை அறுவைக்குப் பிறகு கொடுத்துப் பார்த்த ஆய்வை அவர் வெளியிட்டார். அடுத்த வருடமே மிலானின் மூன்று மருந்துக் கட்டுரை வந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த நேரத்தின் வேகம் புரியும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு எல்லோருக்கும் கீமோ தேவைப்படுவதில்லை. ஹார்மோன் ஏற்பி, ஹெர்-2 போன்ற பரிசோதனைகளைப் பார்த்துத்தான் முடிவு எடுக்கிறார்கள். உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டைப் பார்க்கும் டாக்டரிடம் இதே கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்.

5. அமெரிக்க ஜர்னல், இத்தாலி ஆய்வு. எப்படி?

பணமும் அமெரிக்காவுடையதுதான். அங்கே தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் இருந்த வின்சென்ட் டிவீட்டாவும் பால் கார்போனும், முற்றிய மார்பகப் புற்றுக்குக் கூட்டு மருந்து வேலை செய்வதைப் பார்த்திருந்தார்கள். அதை அறுவைக்குப் பிறகு உடனே கொடுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் அந்தக் கூட்டு மருந்தைத் தங்கள் நோயாளிகளுக்குக் கொடுக்க அமெரிக்க அறுவை மருத்துவர்கள் முன்வரவில்லை. நன்றாகத் தேறி வருகிற பெண்ணுக்கு ஒரு வருடம் விஷ மருந்தா என்ற தயக்கம். அது நியாயமான தயக்கம்தான்.

மிலானில் நோயாளிகள் நிறைய; அறுவைப் பிரிவில் உம்பர்ட்டோ வெரோனேசி இருந்தார், ஒத்துழைத்தார். அதனால் நிதி ஒப்பந்தம் அங்கே போனது. பெயர் அதிகம் வெளியே தெரியாத இன்னொருவரையும் சொல்ல வேண்டும்: பினூச்சா வலகுஸ்ஸா. யாருக்கு எந்தச் சுற்றில் எவ்வளவு மருந்து போனது, யார் எப்போது பரிசோதனைக்கு வந்தார் என்ற விவரங்களை எல்லாம் பல பத்தாண்டுகள் கட்டிக்காத்தவர் அவர். அந்தப் பதிவேடு இல்லாவிட்டால் 7-ஆம் கேள்விக்குப் பதிலே கிடைத்திருக்காது.

6. இம்பாக்ட் ஃபேக்டர், எச்-இண்டெக்ஸ் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. இம்பாக்ட் ஃபேக்டர் ஜர்னலுக்கு உரியது. ஒரு ஜர்னல் முந்தைய இரண்டு வருடங்களில் வெளியிட்ட கட்டுரைகள், இந்த வருடம் சராசரியாக எத்தனை மேற்கோள் பெற்றன என்பதுதான் அது. எச்-இண்டெக்ஸ் ஆளுக்கு உரியது. 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 மேற்கோள் பெற்றிருந்தால் அவருடைய எண் 20. அவர் ஆயிரக்கணக்கில் மேற்கோள் பெற்ற ஒரே ஒரு மகத்தான கட்டுரை எழுதியிருந்தாலும் அதற்கு அந்த எண் ஒன்றுக்கு மேல் ஏறாது.

இந்த இரண்டு எண்களையும் வைத்து ஒரு கட்டுரையின் தரத்தைச் சொல்லவே முடியாது. புற்றுநோய்த் துறையில் இம்பாக்ட் ஃபேக்டரில் உச்சத்தில் இருக்கும் ஒரு ஜர்னல், பெரும்பாலும் வருடாவருடம் வெளியிடும் புற்றுநோய்ப் புள்ளிவிவரக் கட்டுரையால்தான் அந்த உயரத்தில் நிற்கிறது. முதல் பத்தியில் "இத்தனை பேருக்கு இந்த நோய் வருகிறது" என்று எழுத எல்லோருக்கும் அது தேவை. அதே ஜர்னலில் பக்கத்துப் பக்கத்தில் வந்த வேறொரு கட்டுரைக்கு அந்தப் பெருமை ஒட்டாது. இன்னொன்று, கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் மூன்றும் ஒரே கட்டுரைக்கு மூன்று எண் காட்டும். ஒவ்வொன்றும் எண்ணும் ஜர்னல்களும் புத்தகங்களும் வேறு. தீசிஸில் எண் எழுதினால், எதில், எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள்.

7. வெறும் 27 மாசத்துல சொன்ன முடிவு, அப்புறம் நின்னுச்சா?

கேட்க வேண்டிய கேள்வி. மேற்கோள் எண்ணிக்கையைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்பதே இல்லை. 1976-இல் சந்தேகப்பட்டவர்கள் நிறைய பேர். நோய் திரும்புவதை மருந்து சற்றே தள்ளிப்போட்டிருக்கலாம், ஐந்து வருடத்தில் வரைபடத்தில் இரு பிரிவின் கோடுகளும் சேர்ந்துவிடும் என்றார்கள். அது வெறும் பொறாமைப் பேச்சு இல்லை, நடக்கக்கூடிய விஷயம்.

போனடோன்னா குழு செய்தது இதுதான்: அதே 386 பெண்களிடம் திரும்பத் திரும்பப் போனார்கள். 1995-இல் அதே அமெரிக்க ஜர்னலில் 20 வருடக் கணக்கு வந்தது. 2005-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 30 வருடக் கணக்கு. அந்தக் கடைசிக் கணக்கில், சராசரியாக 28.5 வருடம் பின்தொடர்ந்த நிலையில், மருந்து எடுத்தவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் 29 சதவீதம் குறைவு, இறப்பு அபாயம் 21 சதவீதம் குறைவு. கோடுகள் சேரவில்லை. ஆனால் 27 மாதத்தில் தெரிந்த மாதிரி அவ்வளவு அகலமாகவும் இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு இந்த ஆய்வின் மேல் பிரியம் வந்ததே இந்த 2005 கட்டுரையால்தான். பெரும் புகழ் தந்த முதல் முடிவோடு நிறுத்திக்கொள்ள யாரும் தடுக்கவில்லை. இடைவெளி சுருங்கும் என்று தெரிந்தும் முப்பது வருடம் எண்ணிக்கொண்டே இருந்தார்கள், சுருங்கியதை அப்படியே அச்சிட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் ரிச்சர்டு பீட்டோவின் குழு 1980-களிலிருந்து உலகம் முழுவதும் நடந்த இத்தகைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோதும், அறுவைக்குப் பிந்தைய கூட்டு மருந்தால் பலன் உண்டு என்றே வந்தது.

8. இப்ப யாரும் சி.எம்.எஃப். அவ்வளவா போடறதில்லை. அப்போ அந்தக் கட்டுரைக்கு மதிப்பு போயிடுச்சா?

அட்ரியாமைசின் வகையும் பிறகு டாக்சேன் வகையும் வந்து சி.எம்.எஃப்.-இன் இடத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது உண்மை. இதயம் பலவீனமான சிலருக்கு இன்னும் அது பயன்படுகிறது. 12 சுற்று என்பதையே மிலான் குழு பின்னால் 6 சுற்றோடு ஒப்பிட்டுப் பார்த்து, 6 போதும் என்று 1983-இல் காட்டிவிட்டது. பாதி வருட வாந்தியும் முடி உதிர்வும் எத்தனையோ பெண்களுக்கு மிச்சம். அந்த 1983 கட்டுரை 1976 கட்டுரை அளவுக்குப் பேசப்படுவதில்லை. நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் அதுவும் சளைத்ததில்லை.

ஒரு கருத்து பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டால் மூலக் கட்டுரையை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. பென்சிலின் பற்றி எழுதும்போது ஃப்ளெமிங்கின் 1929 கட்டுரையை யார் பட்டியலில் சேர்க்கிறார்கள்? சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்: பொதுச்சொத்தாகிவிட்ட அறிவில் உரிமையாளரின் பெயர் அழிந்துபோகும். அறுவைக்குப் பிறகு கீமோ என்பது இன்று மாவட்ட மருத்துவமனை வரை வழக்கமாகிவிட்டது. மருந்துகள் மாறியிருக்கலாம், அந்த வழக்கத்துக்கு அஸ்திவாரம் போட்ட கட்டுரைகளில் இது ஒன்று. ஏ.பி.வி.டி. கதையும் இதுதான். 1975-இல் வந்தது, 1992-இல் அமெரிக்க ஒப்பீட்டு ஆய்வு ஒன்று அதன் பலத்தை உறுதி செய்தது, பிறகு மூலக் கட்டுரை இல்லாமல் வெறும் பெயராகவே எல்லா வார்டிலும் புழங்கத் தொடங்கிவிட்டது.

9. 85 சதவீத டோஸுக்குக் கீழே போகக்கூடாதுன்னு எங்க கைடு சொல்றார். இதுவும் போனடோன்னாதானா?

ஆமாம். 1981 ஜனவரியில் அவரும் வலகுஸ்ஸாவும் எழுதிய கட்டுரை. இதுவும் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டது, ஆனால் இதைப் படிக்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு சி.எம்.எஃப். பலன் குறைவாகத் தெரிந்தது. ஏன் என்று தேடினார்கள். வயதானவர்களுக்கு டாக்டர்கள் டோஸைக் குறைத்திருந்தார்கள். சரி, உண்மையில் உடலுக்குள் போன அளவை வைத்துப் பிரித்துப் பார்ப்போம் என்று பார்த்தார்கள். திட்டமிட்ட அளவில் 85 சதவீதமாவது எடுத்தவர்களில் 77 சதவீதம் பேர் ஐந்து வருடம் நோய் திரும்பாமல் இருந்தார்கள். 65 சதவீதத்துக்கும் குறைவாக எடுத்தவர்களில் அது 48. மருந்தே எடுக்காதவர்களில் 45. குறைத்துக் கொடுத்தால் கொடுக்காததற்குச் சமம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

சிக்கல் எங்கே என்றால், இங்கே ரேண்டம் கிடையாது. 3-ஆம் பதிலில் சொன்ன குலுக்கல், மருந்து உண்டா இல்லையா என்பதற்கு மட்டும்தான் நடந்தது. யார் 85 சதவீதம் எடுப்பார் என்பதற்கு நடக்கவில்லை. முழு டோஸையும் தாங்கியவர் உடம்பு ஏற்கெனவே திடமாக இருந்திருக்கலாம். சீக்கிரம் நோய் திரும்பியவர் அதனாலேயே மருந்தைப் பாதியில் நிறுத்தியிருக்கலாம். இதற்குச் சரியான எச்சரிக்கை அதே ஜர்னலில் மூன்று மாதம் முன்னால், 1980 அக்டோபரில் வந்திருந்தது. இதய நோயாளிகள் பற்றிய அமெரிக்க ஆய்வு. அதில் வெறும் மாவு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் ஐந்து வருடத்தில் இறந்தவர்கள் சுமார் 15 சதவீதம். அதே மாவு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவர்களில் சுமார் 28 சதவீதம். மாவு மாத்திரையில் எந்தச் சக்தியும் இல்லை. ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் வேறு வகையிலும் நலமானவர்களாக இருந்தார்கள், அவ்வளவுதான். இந்த இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்துப் படிக்கச் சொல்லுவேன். ஒரு மணி நேரம் போதும், ஆயுளுக்கும் உதவும்.

பிறகு டோஸையே ரேண்டமாகப் பிரித்த ஆய்வுகள் நடந்தன. 1994-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், வழக்கமான அளவுக்கும் கீழே போனால் பலன் குறைந்தது. வழக்கமான அளவை மேலும் மேலும் உயர்த்திப் பார்த்த வேறு ஆய்வுகளில் பலன் கூடவில்லை. எனவே உங்கள் கைடு சொல்வதில் பாதிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது: காரணம் இல்லாமல் டோஸைக் குறைக்காதீர்கள். ஆனால் 85 என்ற குறிப்பிட்ட எண்ணுக்கு அந்த 1981 கட்டுரையை மட்டும் சாட்சியாக வைக்காதீர்கள்.

10. தப்பான கட்டுரைக்கும் சைட்டேஷன் ஏறுமா?

தாராளமாக ஏறும். மேற்கோள் என்பது "இதைக் குறிப்பிட்டேன்" என்பதற்கான அடையாளம் மட்டும்தான். பாராட்டினாலும் ஒன்று, கண்டித்தாலும் ஒன்று. வக்கீல்களின் பழைய அட்டவணையில் ஏற்றார்களா தள்ளினார்களா என்ற குறி இருந்தது என்று முதல் பதிலில் சொன்னேன் இல்லையா? நாம் இன்று பார்க்கும் வெறும் எண்ணில் அந்தக் குறி இல்லை.

இதற்குக் கசப்பான உதாரணம் மார்பகப் புற்றுநோயிலேயே இருக்கிறது. டோஸ் கூடக்கூட நல்லது என்ற எண்ணம் பரவி, எலும்பு மஜ்ஜையே அழியும் அளவுக்குக் கீமோ கொடுத்து, முன்பே எடுத்துவைத்த ஸ்டெம் செல்களைத் திரும்ப ஏற்றும் முறை 1990-களில் வந்தது. தென்னாப்பிரிக்காவின் வெர்னர் பெஸ்வோடா 1995-இல் ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் ஆங்காலஜியில், இது பெரிய பலன் தருகிறது என்று எழுதினார். அந்தக் கட்டுரை எங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. 1999-இல் அமெரிக்க மாநாட்டில் இன்னொரு ஆய்வையும் அவர் வாசித்தார். அங்கே வந்த மற்ற பெரிய ஆய்வுகளில் அப்படியொரு பலன் தெரியவில்லை. 2000 ஜனவரியில் அமெரிக்கக் குழு ஒன்று ஜோகன்னஸ்பர்க் போய் மூலப் பதிவேடுகளைக் கேட்டது. பல நோயாளிகளுக்குப் பதிவேடே இல்லை. தவறான தகவல் தந்ததை அவரே ஒப்புக்கொண்டார், பதவியை இழந்தார். 1995 கட்டுரையும் 2001-இல் திரும்பப் பெறப்பட்டது.

அதற்குள் பல ஆயிரம் பெண்கள் அந்தக் கொடுமையான சிகிச்சையைக் கடந்திருந்தார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மிலானின் வலகுஸ்ஸாதான் ஞாபகத்துக்கு வருகிறார். மிலான் கட்டுரை, பெஸ்வோடா கட்டுரை இரண்டின் மேற்கோள்களையும் எண்ணினால் மட்டும் வித்தியாசம் தெரியாது. அலமாரியைத் திறந்து காட்டு என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அதனால், மேற்கோள் காட்டுவதற்கு முன்னால் மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் அந்தக் கட்டுரையைத் திறந்து, "திரும்பப் பெறப்பட்டது" என்ற பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். திரும்பப் பெற்ற பிறகும் கட்டுரைகள் வருடக்கணக்கில் மேற்கோள் பெறுவது மிகச் சாதாரணம்.

11. மெத்தோட்ரெக்சேட் நம்ம ஊர்ல படிச்ச சுப்பாராவ் கண்டுபிடிச்சதுன்னு சொல்றாங்க. அவர் பேர் ஏன் எங்கேயும் இல்லை?

எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895-இல் பீமாவரத்தில் பிறந்தவர், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையில் இருந்த குழுதான் ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் அமினோப்டெரினையும், அதன் தங்கை மருந்தான மெத்தோட்ரெக்சேட்டையும் உருவாக்கியது. சி.எம்.எஃப்.-இன் நடு எழுத்து அந்த மருந்துதான். 1948-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்து, தற்காலிகமாகவாவது நோய் பின்வாங்கியதை எழுதினார். கீமோதெரபி வரலாற்றில் மிக அதிகமாகக் குறிப்பிடப்படும் கட்டுரைகளில் ஒன்று. அதன் ஆசிரியர் பட்டியலில் சுப்பாராவ் இல்லை. அதே வருடம் ஆகஸ்டில் அவர் இறந்துபோனார். மருந்தைத் தயாரித்த வேதியியல் கட்டுரைகளிலும் குழுவினரின் பெயர்தான் முன்னால் நின்றது.

வேடிக்கை என்னவென்றால், அவர் பெயரில் மேற்கோள் குவிந்தது வேறொன்றுக்கு. 1925-இல் ஃபிஸ்கே என்ற பேராசிரியரோடு சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்கும் முறை ஒன்றை எழுதினார். உலகத்தின் எல்லா ஆய்வகமும் அந்த முறையைப் பயன்படுத்தின, பயன்படுத்திய ஒவ்வொருவரும் மேற்கோள் காட்டினார்கள். ஆய்வுமுறைக் கட்டுரைகளுக்கு இந்த அதிர்ஷ்டம் எப்போதும் உண்டு. புரதத்தை அளக்கும் லோரியின் 1951 கட்டுரை மூன்று லட்சத்துக்கு மேல் மேற்கோள் பெற்றிருக்கிறது. எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு சுப்பாராவ் பாஸ்பரஸ் அளந்தவர். மெத்தோட்ரெக்சேட் ஊசி ஏறிக்கொண்டிருக்கும் வார்டில் அவர் பெயர் ஒருவருக்கும் தெரியாது. அதை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை, அதனால் மருந்து பற்றி யார் கேட்டு வந்தாலும் அவர் பெயரைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

12. சைட்டேஷன் அதிகமா இருக்கற டாக்டர்கிட்ட போனா நல்லா பார்ப்பாரா?

இரண்டுக்கும் சம்பந்தமில்லை. மேற்கோள், ஆய்வு உலகில் ஒருவர் எழுத்து எவ்வளவு புழங்குகிறது என்பதைக் காட்டும். உங்கள் நரம்பில் ஊசி சரியாக ஏறுமா, வாந்திக்கு முன்கூட்டியே மருந்து எழுதுவாரா, இரவு காய்ச்சல் வந்தால் போன் எடுப்பாரா என்பதை அது காட்டாது.

குறைந்த மேற்கோளோடு பெரிய வேலை செய்த கட்டுரைகளும் உண்டு. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு எம்.சி.பி.-841 என்ற ஒரே சிகிச்சைத் திட்டத்தை மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ், அடையாறு புற்றுநோய் நிலையம் மூன்றும் சேர்ந்து நம் நாட்டு நிலைமைக்கு ஏற்றபடி பல வருடம் பின்பற்றின. அதன் 14 வருட அனுபவத்தை 2005-இல் எழுதியவர்களில் அடையாறின் வி. சாந்தாவும் ஒருவர். போனடோன்னாவின் எண்ணோடு அதை ஒப்பிட முடியாது. ஆனால் வசதி குறைந்த ஊரில் கீமோ எப்படிக் கொடுப்பது என்று கேட்கிறவருக்கு அதைத்தான் நான் முதலில் எடுத்துக் கொடுப்பேன்.

13. நேரமே இல்லை. அப்ஸ்ட்ராக்ட் மட்டும் படிச்சிட்டு மேற்கோள் போடலாமா?

வேண்டாம். காரணத்தை இந்தக் கட்டுரையை வைத்தே காட்டுகிறேன். "சி.எம்.எஃப். உயிரைக் காக்கிறது என்று 1976-இல் நிரூபிக்கப்பட்டது" என்ற வாக்கியத்தை நான் எத்தனையோ தீசிஸில் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டுரை அப்படிச் சொல்லவில்லை. நோய் திரும்புவது குறைந்தது என்று சொன்னது. நீண்ட காலப் பலனைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. உயிர் பிழைத்தல் பற்றி எழுத வேண்டுமானால் 1995 அல்லது 2005 கட்டுரை. 6 சுற்று பற்றி எழுதினால் 1983. டோஸ் பற்றி என்றால் 1981, அதோடு 1994-உம் சேர்த்து.

போன வாரம் ஒரு பி.ஜி. மாணவி இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டார். அவருடைய வாக்கியம் சீனியரின் தீசிஸிலிருந்து வந்தது, சீனியருக்கு அவருடைய சீனியரிடமிருந்து. பைண்டு வால்யூமை எடுத்துக் கொடுத்தேன். 405-ஆம் பக்கம் விரிந்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஆறு பக்கத்தையும் பென்சிலோடு படித்தார், முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். எழுந்து வந்து, "சார், அந்த 2005 பி.எம்.ஜே. கட்டுரையும் வேணும்" என்றார். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.